திருப்பிப் பார்க்கிறவர்கள்

தி.நகர், உஸ்மான் சாலை. நகைக்கடை வாசல். கதவைத் திறக்க ஒருவர், வணக்கம் சொல்ல ஒருவர், எந்த மாடி என்று கேட்க ஒருவர்.

வெளியே வரும்போது பில்லை வாங்கித் துளை போட ஒரே ஒருவர். அவர் வணக்கம் சொல்வதில்லை.

*

தோட்டைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பார்க்கிறார்கள். முன்பக்கம் அப்புறம்தான்.

தண்டு கனமா. திருகு மரை சரியாக ஏறுகிறதா. பற்றவைத்த இடம் தெரிகிறதா. முத்திரை எங்கே.

கல்யாணப் பெண் திருப்புவதில்லை. கூட வந்த அத்தைதான் திருப்புகிறார்.

அதே மாதிரித் தோடு, இணையத்தில். நேராக ஒரு படம், சாய்வாக ஒன்று, மாடல் காதில் ஒன்று, பெட்டிக்குள் ஒன்று. பின்பக்கம் இல்லை.

*

நகையில் தொங்கும் சீட்டு. தபால்தலையில் பாதி இருக்கும். வெள்ளை நூல்.

மொத்த எடை, கல் எடை, நிகர எடை. சேதாரம் சில கடைகளில் எண்ணாக, சில கடைகளில் எழுத்தாக. எழுத்து என்றால் கவுன்டருக்கு உள்ளே நிற்பவருக்குத்தான் புரியும்.

ரூபாய் எங்கேயும் இல்லை.

ரூபாய் கடைசியில் வருகிறது. முதலில் கழுத்து. பிறகு கண்ணாடி. பிறகு கூட வந்தவர்களின் முகம். பிறகு தராசு. எல்லாம் முடிந்து கால்குலேட்டர்.

ஆப்பில் ரூபாய்தான் முதலில். படத்துக்கு நேர் கீழே, தடித்த எழுத்தில். நகையின் பெயர்கூட அதற்கு அப்புறம்தான்.

ஆப்பில் நகைக்குப் பெயர் உண்டு. பூப்பெயர், நதிப்பெயர், வடநாட்டுப் பெண் பெயர்.

கடையில் பெயர் கிடையாது. "அந்த மூணாவது வரிசை, மயில் வச்சது. அதுக்குப் பக்கத்துல. இல்ல, அந்தப் பக்கம்."

விரல் கண்ணாடிமேல் பதிகிறது. ஒரு பையன் வந்து துடைத்துவிட்டுப் போகிறான். மறுபடி விரல். மறுபடி பையன்.

*

ஒரு கணக்கு. கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சவரன், 8 கிராம். 80,000.

சேதாரம் 12 சதவீதம். 9,600. ஆக 89,600.

ஜிஎஸ்டி 3 சதவீதம். 2,688. ஆக 92,288.

ஹால்மார்க் கட்டணம் ஒரு நகைக்கு 45 ரூபாய், அதற்கு வரி தனி. 53 ரூபாய் 10 காசு.

தொண்ணூறாயிரத்துச் சொச்ச ரூபாய் பில்லில் அந்தப் பத்துக் காசு மட்டும் தனியாக நிற்கிறது.

தங்க விலையில் யாரும் பேரம் பேசுவதில்லை. வரியில் பேச முடியாது. பேச்சு முழுக்க அந்த 9,600-ஐச் சுற்றித்தான்.

*

"மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வரேன் மேடம்."

தூணுக்குப் பின்னால் போகிறார். தண்ணீர் குடிக்கிறார். செல்போனை எடுத்துப் பார்க்கிறார். கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறார். திரும்பி வருகிறார்.

"ரெண்டு பர்சன்ட் குறைக்கச் சொல்லியிருக்கார். வேற யாருக்கும் கொடுத்ததில்லையாம்."

அம்மாவின் முகத்தில் வெற்றி. மேனேஜர் இந்த நேரம் முழுக்கக் கீழ்த்தளத்தில் ஒரு குழந்தைக்கு பலூன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

*

லலிதா ஜுவல்லரி உரிமையாளர் கிரண்குமார் தன் விளம்பரங்களில் தானே வருவார். மழித்த தலை, நேராகப் பார்த்துப் பேச்சு. எஸ்டிமேட்டைப் படமெடுத்துக்கொண்டு போய் மற்ற கடைகளில் ஒப்பிட்டுப் பாருங்கள் என்பார்.

இப்போது எந்தக் கடையிலும் எஸ்டிமேட்டை நீட்டியதும் செல்போன் வெளியே வருகிறது.

வேறொரு கடையில் பார்த்தது: சேல்ஸ்மேன் எஸ்டிமேட்டைக் காட்டினார், ஆனால் கட்டைவிரலை எடுக்கவில்லை. கட்டைவிரல் சேதார வரிமேல் இருந்தது.

*

தராசு கண்ணாடிக் கூண்டுக்குள். மூன்று தசமம் வரை காட்டும். 7.984. 7.985. 7.984.

ஏசிக் காற்றுக்கு எண் ஆடும். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு எண்ணைப் பார்க்கிறார்கள். ஒரு மில்லிகிராம் பத்து ரூபாய்.

ஆப்பிலும் மூன்று தசமம் போட்டிருக்கிறது. அது ஆடாது.

பல நேரம் அந்த நகை இன்னும் பிறக்கவேயில்லை. 'பன்னிரண்டு நாட்களில் அனுப்பப்படும்' என்றால், ஆர்டர் வந்தபிறகுதான் மெழுகில் அச்சு எடுத்து வார்ப்பார்கள் என்று அர்த்தம். பல இடங்களில் படமும் கம்ப்யூட்டரில் வரைந்தது. கீழே பொடி எழுத்தில்: எடை சற்று மாறலாம்.

*

நாற்காலிகள். கவுன்டருக்கு இந்தப் பக்கம் மெத்தை வைத்தவை, சுழல்பவை.

அந்தப் பக்கம் 2021 வரை சட்டப்படி எதுவும் தேவையில்லை. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். ஊழியர்களுக்கு உட்கார இருக்கை இருக்க வேண்டும். கேரளத்தில் அதற்கு முன்பே வந்துவிட்டது; அங்கே துணிக்கடைப் பெண்கள் போராடி வாங்கியது.

இப்போது அந்தப் பக்கமும் ஸ்டூல் இருக்கிறது. சில கடைகளில் அதன்மேல் காலி நகைப்பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள்.

*

முதலில் தண்ணீர். தண்ணீர் எல்லோருக்கும்.

"காபியா, ரோஸ்மில்க்கா?" என்ற கேள்வி சும்மா வருவதில்லை. அம்மாவும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்து, "இன்னும் ரெண்டு கடை பாத்துட்டு வரலாம்" என்று கண்ணாலேயே பேசும் அந்த நொடியில் வருகிறது.

ரோஸ்மில்க் பாதியில் யாரும் எழுந்து போவதில்லை.

*

வெளிச்சம். தங்கத் தளத்தில் மஞ்சள். வைரத் தளத்தில் வெள்ளை. வெள்ளித் தளத்தில் சாதாரண ட்யூப்லைட்.

பகல் வெளிச்சம் எந்தத் தளத்திலும் இல்லை. ஜன்னலே கிடையாது.

பட்டுப்புடவை எடுக்கும்போது வாசலுக்குத் தூக்கிப்போய்க் கலர் பார்க்கலாம். நெக்லஸை அப்படித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடக்க முடியாது.

*

கொலுசு வாங்குகிறவர்கள் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஆட்டுகிறார்கள்.

ஒரு பாட்டி, பேத்திக்கு. ஆட்டினார். "இது வேண்டாம். ரொம்பப் பேசுது."

நான் பார்த்த எந்த ஆப்பிலும் கொலுசுக்குச் சத்தம் இல்லை. முந்நூற்று அறுபது பாகையும் சுற்றிக் காட்டுகிறார்கள், ஊமையாக.

*

வளையல் அளவு. 2.4, 2.6, 2.8, 2.10.

புள்ளிக்குப் பின்னால் இருப்பது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. 2.4 என்றால் இரண்டேகால் அங்குலம். 2.8 என்றால் இரண்டரை. 2.10 அதைவிடப் பெரிது.

ஒரு இணையதளத்தில் அளவை வரிசைப்படுத்தினேன். 2.10 முதலில் வந்து நின்றது, 2.4-க்கும் முன்னால்.

கடையில் இதெல்லாம் கேட்பதில்லை. கையைப் பிடித்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, முட்டியை ஒரு அழுத்து. "ரெண்டு ஆறு." அவ்வளவுதான்.

*

மோதிர அளவு பார்க்க ஒரு தளத்தில் சொல்லும் வழி: உங்கள் ஏடிஎம் கார்டைத் திரைமேல் வையுங்கள். திரையில் தெரியும் கட்டம் கார்டுக்குச் சமமாகும்வரை இழுங்கள். பிறகு கார்டை எடுத்துவிட்டு மோதிரத்தை வையுங்கள்.

உலகத்து ஏடிஎம் கார்டெல்லாம் ஒரே அகலம். 85.6 மில்லிமீட்டர்.

வாங்குவதற்கு முன்பே கார்டு வெளியே வந்துவிடுகிறது.

*

மெய்நிகர் ஒத்திகை. கேமராவைத் திறந்தால் நம் முகத்தில் ஜிமிக்கி.

தலையைத் திருப்பினால் ஜிமிக்கி கொஞ்சம் தாமதமாகத் திரும்புகிறது. காதை மறைத்து முடி விழுந்திருந்தால், முடிக்கு மேலே தொங்குகிறது.

எவ்வளவு கனமான ஜிமிக்கி போட்டாலும் காது இறங்குவதில்லை. மாட்டல் தேவைப்படாத காதுகள்.

*

"இந்தப் பக்கம் திரும்பு. இன்னும் கொஞ்சம். கழுத்துகிட்ட க்ளோசப் காட்டு."

செல்போனில் துபாயிலிருந்து அக்கா. கடையில் தங்கை. ஆரத்தைப் போட்டுக் காட்டுவது தங்கை இல்லை, சேல்ஸ் கேர்ள். அவள் கழுத்து நீளம் என்று அக்காவே சொல்லிவிட்டார்.

கால் மணி நேரத்தில் நாலு ஆரம். ஒவ்வொன்றும் பத்துப் பவுனுக்கு மேல். கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பாதிச் சிரிப்பு.

அவள் காதில் இரண்டு பொட்டுத் தோடு. சில கடைகளில் காலையில் உள்ளே வரும்போதே, என்ன போட்டிருக்கிறோம் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சாயங்காலம் அதே நோட்டு.

சீருடையில் பாக்கெட் இல்லை.

*

1996. தனிஷ்க்கின் முதல் கடை, சென்னை கதீட்ரல் சாலையில்.

அவர்கள் கொண்டுவந்த கேரட் மீட்டர். எக்ஸ்ரே வைத்து, நகையைச் சுரண்டாமல் உருக்காமல் தரம் சொல்லும். பெண்கள் வீட்டிலிருந்த நகைகளைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள். 22 என்று நம்பி வாங்கியது பலருக்கு 22 இல்லை.

அதற்குப் பிறகு ஒரு திட்டம். 19 கேரட்டுக்குக் குறையாத நகையைக் கொடுத்துவிட்டு, செய்கூலி மட்டும் கட்டி, அதே எடைக்கு 22 கேரட் நகை வாங்கிக்கொள்ளலாம்.

மீட்டருக்கு முன்னால் நின்றவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய், கல்யாணத்துக்கு நகை செய்துபோட்ட அப்பாவிடம் இதைச் சொல்லியிருப்பார்கள்.

*

பழைய நகைக் கவுன்டர். பெரும்பாலும் மூலையில், படிக்கட்டுக்குப் பின்னால். அங்கே பூ இல்லை, பாட்டு இல்லை, ரோஸ்மில்க் இல்லை.

கல்லைப் பெயர்க்கிறார்கள். அரக்கை எடுக்கிறார்கள். ஒரு எடை. உருக்குகிறார்கள். இன்னொரு எடை.

"அழுக்குக்கு எவ்வளவு போகும் சார்?"

"உருக்கினாத்தான்மா தெரியும்."

புது நகையை ஆப்பிலேயே வாங்கிவிடலாம். பழையதைப் போட வேண்டும் என்றால் பல ஆப்கள், பக்கத்துக் கிளையின் முகவரியைக் கொடுக்கின்றன.

*

கேரட்லேன். 2008-ல் சென்னையில் தொடங்கியது, மிதுன் சசேட்டி, சீனிவாச கோபாலன். வைர நகையை இணையத்தில் விற்பது.

2016-ல் தனிஷ்க்கை நடத்தும் டைட்டன் அதில் 62 சதவீதத்தை வாங்கியது. 357 கோடி ரூபாய்.

2023-ல் சசேட்டி குடும்பத்திடம் மீதியிருந்த 27.18 சதவீதம். 4,621 கோடி.

இடைப்பட்ட ஆண்டுகளில் கேரட்லேன் வரிசையாகத் திறந்தது என்ன என்றால், கடைகள். இன்று 300-க்கு மேல்.

*

ப்ளூஸ்டோன், பெங்களூரு, 2011. அதுவும் இணையத்தில் பிறந்தது. 2025 ஆகஸ்டில் பங்குச்சந்தைக்கு வந்தபோது அதற்கும் இருநூற்றுச் சொச்சம் கடைகள்.

*

அமெரிக்காவில் ப்ளூ நைல். 1999-லிருந்து இணையத்தில் மட்டும் வைர மோதிரம் விற்றவர்கள். 2015-ல் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் ஒரு மாலில் சின்னதாக ஓர் அறை திறந்தார்கள்.

மோதிரத்தைப் பார்க்கலாம், போட்டுப் பார்க்கலாம். வாங்கிக்கொண்டு போக முடியாது. அங்கேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஆர்டர் போட வேண்டும். வீட்டுக்கு வரும்.

*

வீட்டுக்கே கொண்டுவந்து காட்டும் சேவை. ஆப்பில் ஐந்தாறு நகையைக் குறித்துவைத்தால், ஒருவர் பெட்டியோடு வருகிறார்.

மாடி வீட்டுக்கு வந்தது ஒரு பெண். சோபா நுனியில் உட்கார்ந்தார் அந்தப் பெண். பையை மடியிலிருந்து இறக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், வாங்கிக் கீழே வைத்தார், குடிக்கவில்லை.

மாமியார் தோட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார், வெயிலில் பார்க்க. அந்தப் பெண்ணும் எழுந்து பால்கனி வாசல்வரை போய் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

மாமியார் திருப்பிப் பார்த்தார்.

*

பத்தர் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து நகை செய்த காலம். உமி, குமுட்டி, ஊதுகுழல். தங்கத்தைக் கொடுத்து அனுப்ப மாட்டார்கள். அவர்தான் வர வேண்டும்.

வீட்டில் ஒரு ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் பாட்டி. பேசிக்கொண்டே பார்ப்பது. பார்த்துக்கொண்டே வெற்றிலை மடிப்பது.

ராவிய பொடியைத் துடைத்து எடுத்துக் கணக்கில் சேர்ப்பதுவரை எழுந்திருக்க மாட்டார்.

*

வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பார்கள். வீட்டுக்கு எடுத்துப்போய் மூன்று நாள் வைத்துப் பார்ப்பது. கெட்ட கனவு, காய்ச்சல், சண்டை எதுவும் வராவிட்டால் வாங்குவது.

பழகிய வைர வியாபாரி கல்லைக் காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுத்தனுப்புவார். முன்பணம் இல்லை, ரசீது இல்லை. மூன்றாம் நாள் கல் திரும்பி வரும், அல்லது பணம் வரும்.

இணையதளங்களில் இப்போது பதினைந்து நாள், முப்பது நாள் திருப்பிக் கொடுக்கலாம். காரணம் கேட்டு ஒரு பட்டியல்: அளவு சரியில்லை, படத்தில் உள்ளதுபோல் இல்லை, மனம் மாறிவிட்டது.

கனவு அந்தப் பட்டியலில் இல்லை. 'மற்றவை' என்று ஒன்று இருக்கிறது.

*

கூரியர். பெட்டியில் நகைக்கடை பெயர் இருக்காது. பழுப்பு உறை, கிழித்தால் தெரிந்துவிடும் முத்திரை நாடா.

அடையாள அட்டை, ஓடிபி, கையெழுத்து. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்ல முடியாது.

பிரிக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள் என்கிறார்கள், குறைந்தால் காட்டுவதற்கு. ஒரு கை செல்போன், ஒரு கை கத்தரிக்கோல். முதன்முதலாக நகையைப் பார்ப்பது கேமரா வழியாக.

*

2017-லிருந்து இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. இரண்டு லட்சத்தைத் தாண்டினால் பான் எண் வேண்டும்.

ஆப்பில் அது ஒரு கட்டம். நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது.

கடையில் அது ஒரு பேச்சு. "ரெண்டு பில்லா போட்டுடலாமா சார்?" என்று கேட்பது வாங்க வந்தவர்.

*

நகைச்சீட்டு பதினோரு மாதம். முன்பு இன்னும் நீளமான சீட்டுகள் இருந்தன. 2014-ல் வந்த நிறுவன வைப்புத்தொகை விதிகளின்படி, பொருளுக்கு என்று வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாக்கிவிட வேண்டும். தாண்டினால் அது வைப்புத்தொகை. அதற்கு வேறு சட்டம்.

எதிர்வீட்டு அம்மா மாதாமாதம் நேரில் போய்க் கட்டுகிறார். ஜிபேயில் கட்டலாம், மகன் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

"நேர்ல போனா நாலு டிசைன் பாத்துட்டு வரலாம்ல."

சீட்டுக் கவுன்டர் எப்போதும் மேல்மாடியில்தான். எல்லா டிசைனையும் தாண்டித்தான் போக வேண்டும்.

*

விலைப்பலகை. சில நாள் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. 2025 அக்டோபரில் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியது.

ஆப்பில் விருப்பப்பட்டியலில் போட்டுவைத்த வளையல், ராத்திரி ஒரு விலை, காலையில் ஒரு விலை. படம் அதே படம். மாடல் அதே சிரிப்பு.

கடைக்காரர் சொல்வது: விலை ஏறும் நாளில் கூட்டம் வரும். இறங்கும் நாளில் வராது. இறங்கினால் இன்னும் இறங்கட்டும் என்று காத்திருப்பார்கள்.

*

டிஜிட்டல் தங்கம். பத்து ரூபாய்க்குக்கூட வாங்கலாம். 0.001 கிராமுக்கும் கீழே.

திருப்பிப் பார்க்க அதற்குப் பின்பக்கம் இல்லை.

2025 நவம்பரில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி ஓர் எச்சரிக்கை விட்டது: டிஜிட்டல் தங்கம் எங்கள் கட்டுப்பாட்டுக்குள் வராது. அந்த வாரமும் சில்லறை மிச்சத்தைத் தங்கமாக்கச் சொல்லி செல்போனில் அறிவிப்பு வந்துகொண்டிருந்தது.

*

9 கேரட்டும் 2025 ஜூலையில் ஹால்மார்க்குக்குள் வந்துவிட்டது. முத்திரை 375.

916 என்று பழகிய கண்ணுக்கு 375 என்று படித்ததும் ஒரு சிரிப்பு. "இதுல தங்கம் எங்க இருக்கு?"

விற்கிறவர்: "கலர்ல இருக்கு மேடம்."

*

ஒட்டியாணம் என்று ஒரு தடவை தேடினால் போதும். ஒரு மாதம் ஒட்டியாணம். சமையல் வீடியோவுக்கு நடுவில் ஒட்டியாணம், வானிலைக்குப் பக்கத்தில் ஒட்டியாணம்.

ஒருவர் கல்யாண நாளுக்கு மனைவிக்குத் தெரியாமல் மோதிரம் பார்த்தார், வீட்டு டேப்லெட்டில். மறுநாள் காலை மனைவி செய்தி படிக்கும்போது அதே மோதிரம், தள்ளுபடி விலையோடு.

மனைவி ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம், "வெள்ளைக் கல்லு எனக்கு நல்லா இருக்காது" என்று பொதுவாகச் சொன்னாராம்.

*

கும்பகோணத்தில் ஒரு சின்னக் கடை. உள்ளே நுழைந்ததும்: "போன தடவை பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு வந்தீங்க. காசுமாலை எடுத்தீங்க. சின்னது என்ன படிக்குது?"

கம்ப்யூட்டர் இல்லை. சிவப்பு அட்டை நோட்டு இருக்கிறது, அதையும் திறக்கவில்லை.

*

ஒரு பெரிய கடையிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து, குறுஞ்செய்தியாக. செய்கூலியில் சிறப்புச் சலுகை, இந்த வாரம் மட்டும். வந்தது தெரிந்தவரின் அம்மா எண்ணுக்கு. அம்மா இறந்து வருடம் திரும்பிவிட்டது.

நிறுத்தச் சொல்ல அழைத்தார். அழைப்பு மையத்தில் கேட்டார்கள்: "கணக்கு வச்சிருக்கறவங்க லைன்ல வர முடியுமா சார்?"

*

1991 ஏப்ரல், லண்டன். ஜெரால்ட் ராட்னர், பிரிட்டனின் பெரிய நகைக்கடைத் தொடருக்கு முதலாளி. ஆயிரக்கணக்கான தொழிலதிபர்கள் முன்னால் பேச்சு. தன் கடையில் ஒரு பொருள் இவ்வளவு மலிவாக இருக்கக் காரணம் அது குப்பை என்பதுதான் என்றார். தன் கடைத் தோட்டின் விலையை சாண்ட்விச் விலையோடு ஒப்பிட்டார். அரங்கில் சிரிப்பு.

மறுநாள் பத்திரிகையில் வந்தது. கம்பெனியின் மதிப்பு கோடிக்கணக்கான பவுண்டுகள் சரிந்தது. அவர் வெளியேறினார்.

தோடு எதுவும் மாறவில்லை. முந்தின நாள் விற்ற அதே தோடுதான்.

கம்பெனி தன் பெயரை சிக்னெட் என்று மாற்றிக்கொண்டது. 2022-ல் அந்த சிக்னெட்தான் ப்ளூ நைலை 36 கோடி டாலருக்கு வாங்கியது.

*

ஹால்மார்க் இப்போது மூன்று குறி. பிஐஎஸ் முத்திரை, தரம், ஆறு எழுத்து-எண் கலந்த ஹெச்யுஐடி. 2023 ஏப்ரல் 1 முதல் அந்த ஆறு இல்லாமல் விற்கக் கூடாது. இரண்டு கிராமுக்குக் கீழ் என்றால் விலக்கு.

வெறும் கண்ணுக்குத் தெரியாது. லென்ஸ் கேட்டால் கொடுக்கிறார்கள். கேட்காவிட்டால் மேசை டிராயருக்குள் இருக்கிறது.

27சி பஸ்ஸில் இரண்டு பெண்கள். ரோஸ் காகிதத்தைப் பிரித்து, சங்கிலிக் கொக்கியை செல்போன் கேமராவில் பெரிதாக்கி, ஒருத்தி எழுத்தைச் சொல்ல ஒருத்தி சரிபார்க்கும் ஆப்பில் அடிக்கிறாள்.

"ஓவா, ஜீரோவாடி?"

கடையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டிருக்கலாம். ஏசி, மெத்தை நாற்காலி, ரோஸ்மில்க். பஸ்ஸில் நின்றுகொண்டு பார்க்கிறார்கள்.

*

மருமகள் லேப்டாப்பை மாமியார் பக்கம் திருப்பினாள். பிரிவு பிரிவாக விலை. தங்கம் இவ்வளவு, கல் இவ்வளவு, செய்கூலி இவ்வளவு, வரி இவ்வளவு.

"எல்லாம் வெட்டவெளிச்சமா போட்டிருக்கான் பாருங்க அத்தை. ஒளிவுமறைவே இல்ல."

அத்தை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். செய்கூலி வரியில் விரல் நின்றது.

"இதைக் குறைக்கச் சொல்லி யார்கிட்டக் கேக்கறது?"

"அங்க யாரும் இல்ல அத்தை. கூப்பன் கோடு இருந்தாப் போடலாம்."

"போடு."

போட்டாள். ஒரு பச்சை டிக். 1,500 ரூபாய் குறைந்தது.

அத்தைக்குத் திருப்தியில்லை. "கேட்டதும் குறைச்சிட்டான் பாரு. இன்னும் குறைப்பான். இப்ப வாங்காத."